பிளேஆஃபில் அடங்கிப்போகும் நட்சத்திரத்தை வைத்துக்கொள்வதா, விடுவதா: மார்னர் விவகாரம்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். "டொரொண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் ரசிகர்கள் மிட்ச் மார்னர் விஷயத்தில் வருஷக்கணக்காக இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். சீசன் முழுக்கப் பாயிண்ட் குவிப்பவர் பிளேஆஃப் வந்தால் காணாமல் போகிறார், விற்றுத் தொலையுங்கள் என்றது ஒரு கட்சி. இவரைப் போல இன்னொருவர் கிடைப்பாரா, சும்மா இருங்கள் என்றது மறு கட்சி. யார் சொன்னது சரி? இப்படிப்பட்ட ஆட்டக்காரரை ஒரு அணி வைத்துக்கொள்ள வேண்டுமா?"

முதலிலேயே என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். விற்கச் சொன்னவர்கள் சொன்ன காரணம் பாதிதான் உண்மை. வைத்துக்கொள்ளச் சொன்னவர்கள் கணக்கில் கெட்டி, காலண்டரில் கோட்டை விட்டார்கள். மார்னரை லீஃப்ஸ் தன் இஷ்டப்படி விற்க முடிந்த காலம் 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு முடிந்துபோனது. ரசிகர்கள் உச்சஸ்தாயியில் கத்தியதெல்லாம் அதற்கு அடுத்த இரண்டு வருஷத்தில். அப்போது சாவி மார்னர் கையில் இருந்தது.

ஐஸ் ஹாக்கி பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். என்.எச்.எல். லீகில் 2025-26 சீசன் வரை ஒவ்வொரு அணியும் வழக்கமாக அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை 82 ஆட்டம் ஆடியது. தேறிய 16 அணிகள் பிளேஆஃபுக்குப் போகும். அங்கே ஒரே எதிராளியோடு ஏழு ஆட்டத் தொடர். முதலில் நாலு ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்குப் போவார், நாலு சுற்றையும் தாண்டியவருக்கு ஸ்டான்லி கோப்பை. லீஃப்ஸ் அதைக் கடைசியாகத் தூக்கியது 1967-இல். கோல் அடித்தவருக்கு ஒரு பாயிண்ட், அடிக்கும்படி பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) கொடுத்து உதவியவருக்கும் ஒரு பாயிண்ட், அதற்குப் பெயர் அசிஸ்ட். இந்த இரண்டாவது வேலைதான் மார்னரின் கைவந்த கலை.

மார்னர் பிறந்தது டொரொண்டோவை ஒட்டிய மார்க்கமில். ஆமாம், நம்மவர்கள் ஏராளமாகக் குடியிருக்கும் அதே மார்க்கம்தான். அணிகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2015-இல், நாலாவது ஆளாக லீஃப்ஸ் எடுத்தபோது ஊரே குதூகலித்தது. உள்ளூர்ப் பையன், உள்ளூர் அணி. அதே உள்ளூர்ப் பாசம்தான் பின்னால் விஷமாகவும் மாறியது.

இப்போது எண்களுக்கு வருவோம். ஒன்பது சீசன்களில் லீஃப்ஸுக்காக 657 ஆட்டம், 741 பாயிண்ட். ஆட்டத்துக்கு 1.13. பிளேஆஃபில் 70 ஆட்டம், 63 பாயிண்ட். ஆட்டத்துக்கு 0.90. இருபது சதவீதம் சரிவு. இதைக் "காணாமல் போகிறார்" என்று சொன்னால் அது மிகை. பிளேஆஃபில் கீழ்வரிசை அணிகளே கிடையாது, கோல்கீப்பர்கள் எல்லாம் முதல்தரம், அதனால் யாருக்குமே கொஞ்சம் குறையத்தான் செய்யும். பக்கத்தில் ஆடிய ஆஸ்டன் மாத்யூஸைப் பாருங்கள். 2025 வசந்தம் வரையான கணக்கில் சீசனில் ஆட்டத்துக்கு 0.64 கோல் அடித்தவர், பிளேஆஃபில் 0.38. சரிவு நாற்பது சதவீதம். ஆனால் வசவு முழுக்க விழுந்தது மார்னர் தலையில்.

ஏன் என்று கேட்டால், மொத்தக் கூட்டலில் ஒளிந்துகொள்வது வருஷவாரியாகப் பிரித்தால் வெளியே வந்துவிடும். 2018-இல் 7 ஆட்டத்தில் 9 பாயிண்ட். அருமை. அடுத்து 2019-இல் 7 ஆட்டத்தில் 4, 2020-இல் 5 ஆட்டத்தில் 4, 2021-இல் 7 ஆட்டத்தில் 4. அப்புறம் 2022-இல் 8, 2023-இல் 11 ஆட்டத்தில் 14 என்று எழுந்து, 2024-இல் 7 ஆட்டத்தில் வெறும் 3. இதற்கு நடுவே 2019-இன் இரண்டாவது ஆட்டத்திலிருந்து 2021-இன் கடைசி ஆட்டம் வரை, தொடர்ந்து 18 பிளேஆஃப் ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. அந்த மூன்று தொடரிலும் லீஃப்ஸ் தோற்றது. அந்த மூன்று வசந்தம்தான் ரசிகர் மனதில் மார்னரின் முகமாகப் பதிந்தது. அதற்குப் பிறகு 2023-இல் அவர் பிரமாதமாக ஆடியதையோ, 2004-க்குப் பிறகு முதல்முறையாக அணி ஒரு தொடரை ஜெயித்ததையோ யாரும் அவர் கணக்கில் வரவு வைக்கவில்லை.

கூடவே சம்பளப் பேரம். 2019 கோடை முழுக்க இழுபறி. கடைசியில் பயிற்சி முகாம் தொடங்குகிற நேரத்தில், செப்டம்பர் 13 அன்று, ஆறு வருஷத்துக்குக் கையெழுத்து. வருஷத்துக்குச் சராசரி 1.09 கோடி டாலர். "நம்ம பையன் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதா" என்று அன்றைக்கு ஆரம்பித்த முணுமுணுப்பு ஓயவே இல்லை. வெளியூர்க்காரர் கேட்டிருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது.

ஒரு காட்சியைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இந்தக் கோபத்தின் ருசி தெரியும். 2021 மே 29, மாண்ட்ரியால், ஆறாவது ஆட்டம். லீஃப்ஸ் தொடரில் 3-1 என்று முன்னால் இருந்து, ஐந்தாவது ஆட்டத்தை ஓவர்டைமில் கோட்டை விட்டிருந்தது. கொரோனா காலம். கனடாவில் ரசிகர்களை அரங்குக்குள் மறுபடி அனுமதித்த முதல் என்.எச்.எல். ஆட்டம் அது, 2,500 பேர்தான், ஆனால் இருபதாயிரம் பேரின் சத்தம். மூன்றாவது, கடைசிப் பகுதி தொடங்கியும் இரு பக்கமும் கோல் இல்லை. மார்னர் தன் பக்கத்து எல்லையில் நெருக்கடியில் சிக்கி, பக்கை வெளியே தள்ளப் பார்க்கிறார். அது கண்ணாடித் தடுப்புக்கு மேலே பறந்து ரசிகர்களிடம் போய் விழுகிறது. தன் எல்லையிலிருந்து நேராக வெளியே அடித்தால் கேள்வியே கிடையாது, இரண்டு நிமிஷம் தண்டனைப் பெட்டி. அவர் பெட்டியில் உட்கார்ந்திருக்க, அங்கே கோரி பெர்ரி கோல் போடுகிறார். லீஃப்ஸ் இரண்டு கோல் பின்தங்கி, திரும்ப எழுந்து சமன் செய்து, ஓவர்டைமில் தோற்றது. இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டமும் போச்சு, 3-1.

அந்தத் தொடரில் மார்னர் நாலு அசிஸ்ட், கோல் பூஜ்யம். ஆனால் முதல் ஆட்டத்திலேயே கேப்டன் ஜான் டவாரெஸ் தலையில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போனதும், சீசனின் 52 ஆட்டத்தில் 41 கோல் அடித்திருந்த மாத்யூஸ் இந்த ஏழு ஆட்டத்தில் ஒன்றே ஒன்று அடித்ததும், பவர் ப்ளேயில், அதாவது எதிரணி ஆள் தண்டனைப் பெட்டியில் இருக்கும் நேரத்தில், 23 வாய்ப்பில் மூன்றுதான் கோலானதும் அந்த ஒரு பறந்த பக்கின் நிழலில் மறைந்துவிட்டன.

சரி, அவர் ஆட்டம் பிளேஆஃபில் சுருங்குவதற்கு உண்மையான காரணம் இருக்கிறதா? இருக்கிறது. அதை "பயந்தாங்கொள்ளி" என்று ஒரே சொல்லில் முடிப்பது சோம்பேறித்தனம்.

மார்னர் வேகத்தைக் குறைத்து ஆடுகிறவர். பக்கவாட்டுத் தடுப்பை ஒட்டி பக்கோடு நிற்பார். இரண்டு எதிராளிகள் தன்னை நோக்கி ஒரு அடி வரும்வரை காத்திருப்பார். வந்ததும், அவர்கள் விட்டுவந்த இடைவெளியில் கோலுக்கு முன்னால் நிற்பவருக்கு பக் போய்ச் சேரும். சீசனில் இது தேன். இன்றைக்கு ஒரு அணி, நாளை மறுநாள் வேறு அணி, ஒருவருக்கும் இவரை உட்கார்ந்து படிக்க நேரமில்லை. பிளேஆஃபில் அதே ஆறு தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு வாரம் அவருடைய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். எதிரணி தன் ஊரில் ஆடும்போது கடைசியாக ஆள் மாற்றும் உரிமை அதற்கு இருப்பதால், மார்னர் களமிறங்கும்போதெல்லாம் தங்களில் சிறந்த தடுப்பு வரிசையை இறக்குவார்கள். அந்த ஒரு அடியை அவர்கள் எடுத்துவைக்கவே மாட்டார்கள். கோலுக்கு முன்னால் உள்ள இடத்தை அடைத்துக்கொண்டு, "வேண்டுமானால் நீயே அடி" என்று விட்டுவிடுவார்கள். மார்னர் அடிக்கத் தயங்குகிறவர். இந்தக் குற்றச்சாட்டை நான் முழுசாக ஏற்கிறேன். உடைந்து வந்த பக்கைத் திணித்து அசிங்கமான கோல் போடுகிறவர்களுக்கு மே மாதம் நல்ல மாதம். பாஸ் கொடுத்து ஆடுகிறவருக்கோ, முடித்துவைக்க இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவரும் அடங்கிப்போனால் இவர் காகிதத்தில் பூஜ்யம்.

நடுவர்களும் தொடர் நீள நீள விசிலைப் பையில் போட்டுக்கொள்வது வழக்கம். பவர் ப்ளே குறையும். கிடைத்த பவர் ப்ளேயிலும் லீஃப்ஸ் 2024-இல் பாஸ்டனுக்கு எதிராக 21 வாய்ப்பில் ஒன்றைத்தான் கோலாக்கியது. நட்சத்திரங்கள் எல்லாரையும் ஒரே பிரிவில் நிறுத்தி, அது வேலை செய்யாதபோதும் கலைக்கத் துணியாத பயிற்சியாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மார்னரும் கணுக்காலில் அடிபட்டு மார்ச் மாதம் வெளியே உட்கார்ந்து திரும்பியிருந்தார். நாலாவது ஆட்டத்தில் அவரும் சக நட்சத்திரம் வில்லியம் நைலண்டரும் பெஞ்சில் வாய்த்தகராறு செய்ததையும், இவர் கையுறையைக் கழற்றி எறிந்ததையும் கேமரா பிடித்துக்கொண்டது. போதாதா? அந்த வாரம் முழுக்க டொரொண்டோவில் வேறு பேச்சே இல்லை.

கைநடுங்குகிறவர் என்ற கட்சிக்கு என்னிடம் ஒரு எதிர்க்கேள்வி உண்டு. 2025 பிப்ரவரியில் நாலு நாடுகள் போட்டி நடந்தது. ஸ்வீடனுக்கு எதிராக ஓவர்டைமில் கனடாவுக்கு வெற்றி கோல் அடித்தது யார்? பாஸ்டனில் அமெரிக்காவுக்கு எதிரான இறுதியாட்டத்தில், ஓவர்டைமில் மெக்டேவிட் அடித்த கோலுக்கு பக் கொடுத்தது யார்? அதே மார்னர். அந்த இரண்டு நிமிஷத்தைவிடப் பெரிய நெருக்கடி கனடிய ஹாக்கியில் அந்த வருஷம் இல்லை. தண்டனை நேரத்தில் ஆள் குறைவாக நின்று தடுப்பதிலும் அவர் அணியின் முதல் ஆள். தடுப்பிலும் சிறந்த முன்கள ஆட்டக்காரருக்கான செல்கி விருதுக்கு 2023-இல் இறுதி மூவரில் ஒருவர்.

ஒரு ஆளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் இன்னொரு வரிசையையும் பார்க்க வேண்டும். மார்னர் காலத்தில் லீஃப்ஸ் தொடரை முடிவுசெய்யும் ஏழாவது ஆட்டத்தில் ஆறு முறை தோற்றது. அவற்றில் கடைசி ஐந்து: 2019-இல் பாஸ்டனிடம் 5-1, 2021-இல் மாண்ட்ரியாலிடம் 3-1, 2022-இல் டேம்பாவிடம் 2-1, 2024-இல் பாஸ்டனிடம் ஓவர்டைமில் 2-1, 2025-இல் ஃபுளோரிடாவிடம் 6-1. ஐந்து ஆட்டத்திலும் லீஃப்ஸ் போட்டது ஆளுக்கொன்றுகூட இல்லை, ஆட்டத்துக்கு ஒன்று. நாலு நட்சத்திரங்களுக்காகக் கட்டப்பட்ட அணி, முக்கியமான ராத்திரியில் வருஷா வருஷம் ஒரே ஒரு கோலோடு வீடு திரும்பியது. அது மார்னரின் தனிக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இங்கேதான் பணம் வருகிறது. என்.எச்.எல்.-இல் சம்பள உச்சவரம்பு கறாரானது. ஐ.பி.எல். ஏலத்தில் ஒவ்வொரு அணி கையிலும் இவ்வளவுதான் தொகை என்று இருக்கிறதே, அதைப் போலத்தான், ஆனால் வருஷம் முழுக்க அமலில் இருக்கும். 2019-20-இல் வரம்பு 8.15 கோடி டாலர். வருஷா வருஷம் ஏறும் என்று நம்பித்தான் லீஃப்ஸின் அப்போதைய மேலாளர் கைல் டூபஸ் மாத்யூஸ், டவாரெஸ், மார்னர், நைலண்டர் நால்வருக்கும் சேர்த்துச் சுமார் 4.05 கோடி ஒதுக்கினார். கொரோனா வந்தது. வரம்பு மூன்று சீசன் அசையவே இல்லை. ஆக மொத்தப் பணத்தில் சரிபாதி நாலு பேருக்கு, மீதிப் பாதியில் கோல்கீப்பர், தடுப்பு, மூன்றாம் நாலாம் வரிசை எல்லாம். மே மாதத்தில் ஜெயிக்க வைக்கிற முரட்டு மூன்றாம் வரிசையை அடிமாட்டு விலையில் தேட வேண்டியதாயிற்று. "மார்னர் வேண்டுமா?" என்ற கேள்வியின் உண்மையான வடிவம் "இந்த 1.09 கோடியை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் அணி பலமாகுமா?" என்பதுதான். ரசிகர் சண்டையில் இந்த வடிவத்தில் கேட்டவர்கள் கொஞ்சம்தான். கேட்டவர்கள் பேசியதுதான் உருப்படியாக இருந்தது.

அப்படியானால் 2021 தோல்விக்குப் பிறகே விற்றிருக்க வேண்டுமா? இங்கே எனக்குத் தயக்கம் உண்டு. வரலாறு இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது.

டேம்பா பே 2019-இல் சீசனில் 62 ஆட்டம் ஜெயித்துவிட்டு, முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் நாலுக்கு நாலும் தோற்றது. 128 பாயிண்ட் எடுத்த நிகிதா குச்சரோவ் அந்தத் தொடரில் 2 பாயிண்ட்தான், போதாக்குறைக்கு ஒரு ஆட்டம் தடை. அங்கேயும் விற்றுவிடு என்ற குரல்கள் இருந்தன. நிர்வாகம் நட்சத்திரங்களைத் தொடவில்லை, சுற்றிலும் உழைப்பாளிகளைச் சேர்த்தது. 2020, 2021 இரண்டு கோப்பையும் அவர்களுக்கே. வாஷிங்டன் ஒவெச்கினைப் பத்து வருஷத்துக்கு மேல் வைத்துக்கொண்டு இரண்டாவது சுற்றைத் தாண்டாமல் தவித்து, 2018-இல் தாண்டியபோது ஒரேயடியாகக் கோப்பையே வந்தது.

லீஃப்ஸுக்கே ஒரு சொந்த அனுபவம் உண்டு. ஃபில் கெஸ்ஸல். சோம்பேறி, பெரிய ஆட்டத்துக்கு லாயக்கில்லை என்று சொல்லி 2015 ஜூலை 1-இல் பிட்ஸ்பர்குக்கு அனுப்பினார்கள். அடுத்த வசந்தத்திலேயே 22 பாயிண்ட் எடுத்து அணியில் முதலிடம், கையில் கோப்பை. 2017-இல் இன்னொன்று. சிட்னி க்ராஸ்பியும் மால்கினும் எதிராளியின் முதல்தரத் தடுப்பை இழுத்துக்கொண்டதால் கெஸ்ஸலுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. ஆள் மாறவில்லை, அவர் மேல் இருந்த பாரம் மாறியது.

எதிர்ப் பக்கத்துச் சாட்சியும் லேசுப்பட்டதில்லை. ஃபுளோரிடா பேந்தர்ஸ் 2022-இல் டேம்பாவிடம் நாலுக்கு நாலும் தோற்றது. அந்த சீசனில் 115 பாயிண்ட் எடுத்திருந்த ஜோனதன் ஹூபர்டோ பிளேஆஃபில் 10 ஆட்டத்தில் 5 பாயிண்ட். ஃபுளோரிடா என்ன செய்தது தெரியுமா? அவர் விலை உச்சத்தில் இருந்த அந்தக் கோடையிலேயே, இன்னும் சிலரையும் சேர்த்துக் கேல்கரிக்குக் கொடுத்து, மாத்யூ கச்சக்கை வாங்கியது. ஹூபர்டோ அடுத்த சீசனில் 55 பாயிண்ட். கச்சக் வந்த அணி 2023-இல் இறுதிப் போட்டி, 2024-இலும் 2025-இலும் கோப்பை. மார்னரை விற்கச் சொன்னவர்கள் காட்டிய உதாரணம் இதுதான். நல்ல உதாரணம். ஆனால் அதன் நுணுக்கம் விலையில் இருக்கிறது. ஃபுளோரிடா விற்றதால் ஜெயிக்கவில்லை, கச்சக்கை வாங்கியதால் ஜெயித்தது. கேல்கரியில் நீட்டிக்க மாட்டேன் என்று கச்சக் சொல்லிவிட்டதால் மட்டுமே அந்தப் பண்டமாற்று சாத்தியமானது. அப்படி ஒரு வாய்ப்பு எல்லாக் கோடையிலும் வராது.

இப்போது அந்தத் தேதிக்கு வருகிறேன். லீக் விதிப்படி, ஏழு சீசன் முடித்து முழுச் சுதந்திரம் பெறும் தகுதி வருகிற வருஷத்திலிருந்துதான் ஒரு ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தில் "என் சம்மதமில்லாமல் என்னை எங்கும் அனுப்பக் கூடாது" என்ற நிபந்தனை செல்லும். 2016-இல் ஆட ஆரம்பித்த மார்னருக்கு அது 2023 ஜூலை 1. 2019-இல் கையெழுத்துப் போட்டபோதே எல்லாருக்கும் தெரிந்த தேதி.

அந்த வருஷ வசந்தம் எப்படி முடிந்தது? டேம்பாவை ஜெயித்து, ஃபுளோரிடாவிடம் ஐந்தே ஆட்டத்தில் தோற்றது லீஃப்ஸ். மே 19-இல் தலைவர் பிரெண்டன் ஷானஹன், மேலாளர் டூபஸை வேண்டாம் என்று அனுப்பினார். மே கடைசியில் பிராட் ட்ரிலிவிங் வந்தார். வந்தவருக்கு வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியவே ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதத்தில் நூறு பாயிண்ட்டைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு நட்சத்திரத்தை விற்பதா? அவர் தொடவில்லை. ஜூலை 1 கடந்தது. கதவு மூடியது.

இதில் ஒரு விசித்திரம். இந்த ட்ரிலிவிங்தான் முன்னால் கேல்கரியின் மேலாளர். கச்சக்கை ஃபுளோரிடாவுக்குக் கொடுத்தவர் இவரே. அதே 2022 கோடையில், 115 பாயிண்ட் எடுத்த ஜானி கோட்ரோ ஒப்பந்தம் முடிந்து, கேல்கரிக்கு ஒரு பைசா பிரதிபலன் இல்லாமல் கொலம்பஸுக்குப் போனதையும் பார்த்தவர் இவரே. நட்சத்திரத்தை ஒப்பந்தக் கடைசி வருஷம் வரை வைத்திருந்தால் என்ன ஆகும் என்பது உலகத்தில் வேறு யாரைவிடவும் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மார்னர் விஷயம் அதே தடத்தில் போனது. அவரை மட்டும் திட்டுவது நியாயமில்லை, கைகட்டிய நிலையில் பொறுப்பேற்றவர். 2021-இலும் 2022-இலும் கை கட்டப்படாமல் இருந்தவர்கள் ஷானஹனும் டூபஸும்.

2025-இல் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. சீசனில் மார்னருக்கு 102 பாயிண்ட், வாழ்நாள் உச்சம். மார்ச் மாதம், கரோலைனாவின் மிக்கோ ரண்டானனுக்கு மாற்றாக அவரைக் கொடுக்கும் யோசனையோடு லீஃப்ஸ் அணுகியதாகவும், மார்னர் சம்மதிக்கவில்லை என்றும் செய்திகள் வந்தன. ரசிகர்கள் கொதித்தார்கள். எனக்கு அதில் கோபப்பட ஒன்றும் தெரியவில்லை. பேரம் பேசி வாங்கிய உரிமையை அவர் பயன்படுத்தினார், அவ்வளவுதான். ரண்டானன் டல்லஸுக்குப் போய், மே 3-இல் தன் பழைய அணியான கொலராடோவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் ஹாட்ரிக் அடித்தார். டொரொண்டோக்காரர்களுக்கு வயிறு எரிந்திருக்கும்.

லீஃப்ஸ் ஒட்டாவாவை ஜெயித்து, நடப்புச் சாம்பியன் ஃபுளோரிடாவுக்கு எதிராக 2-0 என்று முன்னிலை எடுத்தது. பிறகு பழைய கதை. சொந்த மண்ணில் ஐந்தாவது ஆட்டம் 6-1 தோல்வி. மே 18-இல் ஏழாவது ஆட்டம், அதே மண், அதே 6-1. அன்று மார்னர் பெஞ்சில் நின்று சக வீரர்களை நோக்கி முகம் சிவக்கக் கத்தினார். கேமராவில் பார்த்தவர்களில் பாதிப் பேர் "இப்போதாவது ரோஷம் வந்ததே" என்றார்கள், மீதிப் பேர் "முதலில் நீ எழு" என்றார்கள். அவர் அந்த பிளேஆஃபில் 13 ஆட்டத்தில் 13 பாயிண்ட். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே கணக்கைக் காட்டியிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

தோல்விக்குப் பிறகு அவர் வீட்டு முகவரியை யாரோ இணையத்தில் போட, வீட்டுக்குக் காவல் வைக்க வேண்டியிருந்தது என்று பின்னால் அவரே சொன்னார். வீட்டில் கைக்குழந்தை. விமர்சனம் எங்கே முடிகிறது என்று தெரியாத ரசிகர் கூட்டத்தை நான் எந்தக் கட்சியிலும் சேர்ப்பதில்லை.

நாலு நாளில் ஷானஹனையும் அனுப்பிவிட்டார்கள். ஜூன் கடைசியில் மார்னர் லீஃப்ஸோடு எட்டு வருஷம், வருஷத்துக்கு 1.2 கோடி டாலர் என்று கையெழுத்துப் போட்டு, உடனே வேகஸ் கோல்டன் நைட்ஸுக்குப் போனார். அப்போதைய விதிப்படி எட்டாவது வருஷம் கொடுக்கச் சொந்த அணியால் மட்டுமே முடியும், அதற்காகத்தான் இந்தச் சுற்றுவழி. நெவாடாவில் மாநில வருமான வரியும் இல்லை. பதிலுக்கு லீஃப்ஸுக்குக் கிடைத்தது நிக்கோலா ருவா. உருப்படியான மூன்றாம் வரிசை நடுக்கள ஆட்டக்காரர், அந்த அணிக்கு வருஷக்கணக்காக இல்லாத வகை. ஆனால் 741 பாயிண்ட் எடுத்த ஒருவருக்கு விலை இதுவென்றால், விற்றார்கள் என்று எப்படிச் சொல்வது? போகிறவர் போகும்போது மேஜையில் வைத்துவிட்டுப் போன சில்லறை.

ஆக, என்னைக் கேட்டால்: 2021-இல் அவரை விற்றிருக்கக் கூடாது. 18 ஆட்டமாகக் கோல் இல்லாத நேரத்தில் சந்தையில் அடிமட்ட விலைதான் கேட்பார்கள். விற்றிருக்க வேண்டிய நேரம் 2022 கோடையும், 2023-இல் ஜூலைக்கு முன்னான சில வாரங்களும். பிளேஆஃபில் 8, 14 என்று பாயிண்ட் எடுத்து, விமர்சகர்களே வாயடைத்திருந்த நேரம். ரசிகர் மனசு அப்போது "இனிமேல் இவரை வைத்துக்கொள்ளலாம்" என்றுதான் சொல்லும், நிர்வாகமும் அப்படித்தான் நினைத்தது. தோற்று எரிச்சலில் இருக்கும்போது எல்லாரும் விற்கச் சொல்கிறார்கள், வாங்குகிறவன் ஏமாளி இல்லை. அந்தக் கோடைகளில் நியாயமான விலை கிடைக்கவில்லையென்றால், 2023 ஜூலைக்கு முன்பே நீட்டிப்புப் பேச்சை நேருக்கு நேர் நடத்தி, "இருப்பாயா, மாட்டாயா" என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு "அடுத்து மாத்யூஸை என்ன செய்யலாம்" என்று கேட்பீர்கள், தெரியும். அவருடைய இப்போதைய ஒப்பந்தம் வருஷத்துக்கு 1.325 கோடி, 2027-28 சீசனோடு முடிகிறது. அதில் முதல் நாளிலிருந்தே இடமாற்றத் தடை இருக்கிறது, மார்னர் விஷயத்தைப் போல ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட அவருக்கு வழி திறப்பது 2027 ஜூலை 1-இல். அன்றிலிருந்து சில வாரத்துக்குள் கையெழுத்து விழவில்லையென்றால், அவர் எந்த ஊருக்குப் போகச் சம்மதிப்பார் என்ற பட்டியலை அந்தக் கோடையிலேயே கேட்டு வாங்க வேண்டும். மார்ச் மாதம் வரை காத்திருந்து கேட்டால் என்ன பதில் வரும் என்பதை ஏற்கெனவே பார்த்தாயிற்று.